எறும்பு ஏறிய தேசி மரம்



இந்தப் பக்கத்துக்கு வழமையாக வரும் கடிதங்கள் தொழுகை பற்றியோ, ஸகாத் பற்றியோ, கணவன் மனைவி பிணக்குப் பற்றியோ இருக்கும். சென்ற மாதம் வந்த ஒரு கடிதம் வேறு மாதிரியானது. அதை எழுதிய சகோதரி கேட்டிருந்தது இதுதான்.

"எங்கள் கிணற்றடியில் நிற்கும் தேசி மரத்தின் இலைகளெல்லாம் கரி பூசினாற்போல் கறுத்துப் போய்விட்டன. குருத்துகள் சுருண்டு கிடக்கின்றன. மரம் முழுக்க எறும்பு. கண்ணூறு பட்டுவிட்டது என்கிறார் மாமி. வெட்டி எறிவோம் என்கிறார் கணவர். வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கொண்டு வந்து தருகிறேன் என்கிறார் பக்கத்து வீட்டுக் காக்கா. எனக்கோ வெட்டவும் மனமில்லை, மருந்தடிக்கவும் பயம். ஒரு வழி சொல்லுங்கள்."

மரத்துக்கு வந்த நோயைப் பற்றி மௌலவியிடம் கேட்கிறாரே என்று முதலில் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டேன். இரவு படுத்த பின்னர் நித்திரை வரவில்லை. ஏனென்றால் அந்தக் காக்கா சொன்னதை நானே ஒரு முறை செய்து பார்த்தவன். அதனால் என் வீட்டில் நடந்ததை முதலில் சொல்கிறேன். வைத்தியத்தைப் பிறகு சொல்கிறேன்.

உம்மாவின் மரம்

எங்கள் வீட்டுப் பின்வளவில் நிற்பது என் உம்மா நட்ட தேசி மரம். நான் அரபுக் கல்லூரியில் ஓதி முடித்து வீட்டுக்கு வந்த வருடம், எங்கிருந்தோ ஒரு கன்றைக் கொண்டு வந்து கிணற்றுத் தண்ணீர் வழிந்தோடும் வாய்க்கால் ஓரத்தில் வைத்தார். மரம் காய்க்கத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு றமழானிலும் ஒரு பனையோலைப் பையில் காய்களை நிரப்பிப் பின் படலையில் தொங்கவிடுவார். யாரும் கேட்கத் தேவையில்லை. நோன்பு திறக்கச் சர்பத் கரைக்க வேண்டியவர்கள் கையை விட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். உம்மா மௌத்தான பின்பும் என் மனைவி அந்தப் பையைத் தொங்கவிடுவதை நிறுத்தவில்லை.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ, மிருகமோ, பறவையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாக எழுதப்படும் என்ற கருத்திலமைந்த ஹதீஸை நீங்கள் பல முறை கேட்டிருப்பீர்கள். நானும் மிம்பரில் பல முறை சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட ஒரு மரத்தைத்தான் என் கையாலேயே அழிக்கப் பார்த்தேன்.

2021 ஆம் ஆண்டு இரசாயன உரங்களையும் விவசாய இரசாயனங்களையும் இறக்குமதி செய்வது நாட்டில் தடை செய்யப்பட்டதும், அவ்வருட இறுதியில் அத்தடை நீக்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் கையில் மருந்து இருந்தவர்கள் அதைப் பொன் போலப் பாதுகாத்தார்கள். ஒருவருக்கொருவர் சின்னச் சின்னப் போத்தல்களில் ஊற்றிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் எங்கள் தேசி மரத்தின் குருத்துகளைப் புழுக்கள் தின்றபோது, வயல் செய்யும் என் மச்சான் அப்படி மிஞ்சிய மருந்தில் கொஞ்சத்தைச் சோடாப் போத்தல் ஒன்றில் ஊற்றிக் கொண்டு வந்து தந்தார். போத்தலில் பெயருமில்லை, அளவுமில்லை.

"இஞ்சப் பாருங்க, மரம் பூத்து நிக்கிது. பிள்ளையள் ஓடித் திரியிற இடம். இது என்னத்துக்கு?" என்றார் மனைவி.

"கொஞ்சம்தானே, ஒண்டும் ஆகாது" என்றேன் நான்.

எவ்வளவு கலக்க வேண்டும் என்று தெரியாததால் கண்மட்டாக ஊற்றிக் கலந்தேன். மரம் நனைய நனைய அடித்தேன். அஸருக்கு அதான் சொன்னது. மிச்சம் இருந்த போத்தலைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது வீட்டு வாசலில் ஓட்டோ நிற்கிறது. மூன்று வயதுடைய எங்கள் கடைசி மகன் போத்தலைத் திறந்திருக்கிறான். கையிலும் சட்டையிலும் மருந்து. வாயில் பட்டதா, குடித்தானா என்று யாருக்கும் தெரியவில்லை. என் மனைவி அந்தப் பதற்றத்திலும் செய்ய வேண்டியதைச் செய்திருந்தார். சட்டையைக் கழற்றி, உடம்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வேறு உடுப்பு மாற்றி, போத்தலையும் ஒரு பையில் போட்டு எடுத்து வைத்திருந்தார். பிள்ளையைச் சத்தி எடுக்க வைக்கவில்லை. நான் செய்தது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியது மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து?" என்பதுதான். என்னிடம் பதில் இல்லை. மச்சானுக்கு அழைத்தேன். "நெல்லுப் பூச்சிக்கு அடிக்கிற மருந்து" என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. எதற்குச் சிகிச்சை செய்கிறோம் என்பது நிச்சயமாகத் தெரியாமலே இரண்டு இரவுகள் பிள்ளையை வைத்துப் பார்த்தார்கள். கண்மணி சுருங்குகிறதா, வியர்க்கிறதா, எச்சில் வடிகிறதா, மூச்சு முட்டுகிறதா என்று தாதிமார் வந்து வந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். பிள்ளைக்கு என்ன கொடுத்தேன் என்று சொல்லத் தெரியாத வாப்பாவாக அந்தக் கட்டிலருகே நின்ற இரண்டு இரவுகளை நான் மறப்பதற்கில்லை. மனைவி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அது இன்னும் பாரமாக இருந்தது.

மருந்து அடித்தும் ஏன் கூடியது?

இனி மரத்தின் கதைக்கு வருவோம். புழுக்கள் அன்றே செத்து விழுந்தது உண்மை. அதோடு மரத்தடியில் தேனீக்களும், சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி போட்ட பொறிவண்டுகளும் செத்துக் கிடந்தன. பூக்கள் உதிர்ந்தன. அந்த முறை காய் பிடித்தது சொற்பம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் கிளைகளில் கபில நிறச் செதில் செதிலாக எதுவோ அப்பிக் கிடக்கிறது, இலைகள் கறுத்துவிட்டன, எறும்பு சாரை சாரையாக ஏறுகிறது. கடிதம் எழுதிய சகோதரியின் மரம் இருக்கும் அதே நிலைதான்.

வெட்கத்தை விட்டு எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் போய்க் கேட்டேன். அவர் விளங்கப்படுத்தியது இதுதான். மரத்தில் இரு கூட்டத்தார் வாழ்கிறார்கள். ஒரு கூட்டம் மரத்தைத் தின்பது. மறு கூட்டம் அதைத் தின்பதைத் தின்பது. கடும் மருந்து அடித்தால் இரு கூட்டமும் சாகும். ஆனால் செதிற் பூச்சி தன் ஓட்டுக்குள் ஒளிந்து கொஞ்சமாவது தப்பிவிடும். அதைத் தின்னும் பொறிவண்டுக்கும் சிறு குளவிக்கும் ஓடு இல்லை. தப்பியது பெருகும்போது அதைத் தடுக்க ஆளில்லை.

இது நம் வளவில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோடைத் தோட்டங்களை ஒரு வகைச் செதிற் பூச்சி அழித்துக்கொண்டிருந்த வேளையில், 1888 ஆம் ஆண்டு ஒருவரை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பி அங்கிருந்து ஒரு சிறு பொறிவண்டை எடுப்பித்தார்கள். அது சில வருடங்களுக்குள்ளேயே அந்தத் தோட்டங்களைக் காப்பாற்றிக் கொடுத்தது. பிற்பாடு 1940களில் டீ.டீ.ரீ. மருந்தை விசிறத் தொடங்கியபோது பொறிவண்டு செத்தது, அடங்கிக் கிடந்த செதிற் பூச்சி மீண்டும் தலைதூக்கியது. நம் நாட்டிலும் 2008 இல் பப்பாசியில் வெண்ணிறப் பஞ்சுப் பூச்சி பரவி, மரங்கள் வெள்ளை பூசினாற்போல் நின்றதைக் கண்டிருப்பீர்கள். அதை அடக்கியதும் மருந்தல்ல. 2009 இல் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்து விடப்பட்ட, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிறு குளவிதான்.

முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஸுபஹுத் தொழுகைக்குப் பின், வெயில் ஏறுமுன் மரத்தடிக்குப் போங்கள். மேலே பார்ப்பதோடு நிறுத்தாமல் இலையைத் திருப்பிப் பாருங்கள். குருத்தைப் பாருங்கள். எறும்பு எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். தேசியிலும் தோடையிலும் கறிவேப்பிலையிலும் பொதுவாகக் காண்பவை இவைதான்.

ஒன்று, இலை தின்னும் புழு. இளம் இலையின் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். சின்னதாக இருக்கும்போது கபிலமும் வெள்ளையுமாகக் காகத்தின் எச்சம் போலத் தோன்றும். பலர் எச்சம் என்றே விட்டுவிடுவார்கள். வளர்ந்ததும் பச்சை நிறமாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு செந்நிறக் கொம்புகளை நீட்டும், ஒரு நாற்றம் வீசும். அது கடிக்காது, கொட்டாது. கறுப்பும் மஞ்சளுமாக வளவில் பறக்கிற அழகான வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைதான் அது. கறிவேப்பிலையை மொட்டையாக்குவதும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்துப் புழுக்களே.

இரண்டு, இலைக்குள் சுரங்கம் தோண்டும் புழு. இளம் இலையில் வெள்ளி நூலால் கிறுக்கினாற்போல் வளைந்து வளைந்து கோடு தெரியும். நத்தை ஊர்ந்த தடம் போல இருக்கும். கோட்டின் நடுவே மெல்லிய கருங்கோடு ஒன்று ஓடும், அது புழுவின் கழிவு. இலை சுருளும். இதை உண்டாக்குவது ஒரு மிகச் சிறிய வெள்ளி நிற அந்துப்பூச்சி. முற்றிய இலையை இது தொடாது.

மூன்று, அழுக்கணவன். குருத்தில் கறுப்பாகவோ கபிலமாகவோ பொட்டுப் பொட்டாகக் கூட்டமாக ஒட்டியிருக்கும். சாற்றை உறிஞ்சும். குருத்து கிண்ணம் போல் குழிந்து சுருளும். ஆண் துணை இல்லாமலே பெண் பூச்சி குட்டி ஈன்று பெருகக்கூடியது. ஒரு வாரம் பாராமல் விட்டால் பத்து நூறாகிவிடும்.

நான்கு, செதிற் பூச்சி. இலையின் நடு நரம்பை ஒட்டியும் கிளையிலும் சிறு ஓடு ஒட்டினாற்போல் அசையாமல் கிடக்கும். பூச்சி என்றே தோன்றாது. நகத்தால் சுரண்டினால் கழன்று வரும், ஈரமாக இருக்கும். சுரண்டினால் வராவிட்டால் அது மரப்பட்டை.

ஐந்து, பஞ்சுப் பூச்சி. கிளைக் கவட்டிலும் காம்படியிலும் வெள்ளைப் பஞ்சு வைத்தாற்போல் இருக்கும். நசுக்கினால் பிசுபிசுக்கும்.

அப்படியானால் இலையில் படியும் கறுப்பு என்ன? அதுதான் பலரையும் பயமுறுத்துகிறது. அழுக்கணவனும் செதிற் பூச்சிகளில் பலவும் பஞ்சுப் பூச்சியும் அளவுக்கு மேல் சாற்றைக் குடித்து, மிஞ்சிய இனிப்பை இலைமேல் சொட்டவிடும். அந்த இனிப்பில் வளரும் பூஞ்சணமே அந்தக் கறுப்பு. அது இலைக்குள் போவதில்லை. ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள், அடியில் பச்சை இருக்கும். ஆனால் வெயிலை மறைப்பதால் மரம் சோரும். எனவே கறுப்புக்கு மருந்து தேட வேண்டாம். இனிப்பைச் சொட்டவிடும் பூச்சியைத் தேடுங்கள்.

எறும்பு ஏறுவதும் இந்த இனிப்புக்காகவே. நாம் பாலுக்காக ஆட்டை வளர்ப்பது போல, எறும்பு இந்தப் பூச்சிகளைக் காவல் காக்கிறது. பொறிவண்டு வந்தால் விரட்டிவிடுகிறது. எறும்பு மரத்தைத் தின்பதில்லை. ஆனால் அது சாரையாக ஏறினால், மேலே ஏதோ இருக்கிறது என்று உங்களுக்கு அறிவிக்கிறது.

இனி வைத்தியம்

புழுவுக்குக் கையே போதும். வீட்டு மரம் வயலல்ல. காலையில் ஒரு தடவை சுற்றிப் பார்த்துப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டால் ஒரு வாரத்தில் தீரும். சிறு கன்றானால் கட்டாயம் பொறுக்க வேண்டும், ஐந்தாறு புழுவே கன்றை மொட்டையாக்கிவிடும். பெரிய மரமானால் நாலு புழு தின்பதால் ஒன்றும் குறையாது. இரண்டை வண்ணத்துப்பூச்சியாக விட்டுவிடுங்கள். பிள்ளைகள் பார்த்து மகிழட்டும்.

சுரங்கப் புழுவுக்குப் பெரிய மரத்தில் ஒன்றுமே செய்யத் தேவையில்லை. இலை அழகு கெடுமே தவிர மரம் தாங்கும். சுருண்ட இலைகளையெல்லாம் கிள்ளி எறிய வேண்டாம், அவையும் மரத்துக்கு உணவு சமைக்கின்றன. அளவுக்கு மேல் யூரியா போடுவதையும், கண்டபடி வெட்டுவதையும் தவிருங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் குருத்தைத் தள்ளவைக்கும். குருத்துத்தான் அதன் தீனி.

அழுக்கணவனுக்கு முதல் வைத்தியம் தண்ணீர். குழாயைக் குருத்துக்கு நேரே பிடித்து வேகமாகப் பாய்ச்சி விழுத்துங்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவை திரும்பி ஏறாது. மிகக் கூடுதலாகப் பிடித்த நுனிகளை ஒடித்து எரித்துவிடாமல் சவர்க்காரத் தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

செதிலுக்கும் பஞ்சுக்கும் சவர்க்காரக் கரைசல். துருவிய சலவைச் சவர்க்காரம் 5 முதல் 10 கிராம் வரை எடுத்து, கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, ஒரு லீற்றர் தண்ணீராக்குங்கள். செதில் கூடுதலானால் இரண்டு தேக்கரண்டி சமையல் எண்ணெய்யும் சேர்த்து நன்றாகக் கலக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் செதிலின் மூச்சை அடைக்கும். சலவைத் தூளும், வெளிறச் செய்யும் திரவங்களும் வேண்டாம். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், அது இலையைக் கருக்கிவிடும்.

அடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் ஒரு சிறு கிளையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். இலை கருகாவிட்டால் முழு மரத்துக்கும் அடியுங்கள். வெயில் தாழ்ந்த பின், தேனீக்கள் போன பின் அடியுங்கள். இலையின் அடிப்புறம் நனைய வேண்டும். இக்கரைசல் ஈரமாகப் பூச்சியின் உடம்பில் படும்போது மட்டுமே வேலை செய்யும், காய்ந்த பின் வேலை செய்யாது. முட்டையையும் முற்றிய செதிலையும் ஒரே அடியில் கொல்லாது. ஆகையால் வாரத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை அடிக்க வேண்டும். ஒரு தடவை அடித்துவிட்டு "சரிவரவில்லை" என்று விடுபவர்களே அதிகம். கைக்கெட்டும் கிளைகளில் பழைய பல் தூரிகையைக் கரைசலில் நனைத்துத் தேய்த்தால் இன்னும் நல்லது.

வேப்பம் விதை கிடைத்தால் அதுவும் சிறந்தது. உலர்ந்த விதையின் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, துணியில் வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து மறுநாள் மாலையே அடித்துவிடுங்கள். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். அடித்தவுடன் பூச்சி செத்து விழாது. தின்பதைக் குறைக்கும், தோலுரித்து வளர முடியாமல் போகும். பொறுமை வேண்டும்.

எறும்புக்கு வழியை மறியுங்கள். மதிலிலும் கூரையிலும் உடுப்புக் காயப்போடும் கயிற்றிலும் தொடும் கிளைகளை முதலில் வெட்டுங்கள். பிறகு அடிமரத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சீலைத் துண்டைச் சுற்றி, அதன்மேல் பொலித்தீன் சுற்றிக் கட்டி, பொலித்தீன் மேல் கிறீஸ் பூசுங்கள். பட்டையில் நேரே பூச வேண்டாம். மாதம் ஒரு தடவை அவிழ்த்துப் பாருங்கள், கட்டு மரத்தை இறுக்கக் கூடாது. எறும்புக் காவல் நீங்கினால் பொறிவண்டு தானாக வரும். அதன் குஞ்சு முதலையின் வடிவில் சிறியதாக, கரிய நிறத்தில் ஊரும். அதையும் பூச்சி என்று நசுக்கிவிடாதீர்கள். அதுதான் அதிகம் தின்பது.

முசுறு கூடு கட்டியிருந்தால்? அது புழுக்களை வேட்டையாடும், அதே வேளை செதிற் பூச்சியையும் வளர்க்கும். செதில் இல்லாத மரமானால் முசுறு இருக்கட்டும். செதில் இருந்தால் கூட்டுக் கிளையை வெட்டி அப்பால் வையுங்கள்.

எறும்புக் கூட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தும் பழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது. தன்னைக் கடித்த ஓர் எறும்புக்காக ஒரு நபி எறும்புப் புற்றையே எரிக்கச் செய்ததையும், கடித்தது ஒன்றல்லவா, அல்லாஹ்வைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தையே அழித்துவிட்டீரே என்று அவர் கண்டிக்கப்பட்டதையும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். தீங்கு செய்வதைத் தடுக்க நமக்கு அனுமதி உண்டு. தீங்கு செய்யாததையும் சேர்த்து எரிக்க அனுமதி இல்லை. இந்த ஹதீஸை நான் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன். அன்று போத்தலைக் கையில் எடுத்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

வீட்டில் மருந்துப் போத்தல்

விவசாய மருந்து வீட்டு மரத்துக்குத் தேவைப்படுவது மிக அபூர்வம். இத்தனையும் செய்து பலிக்காவிட்டால், நோய் கண்ட கிளையை ஒரு பையில் கட்டி விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள். அவர் சொல்வதை மட்டும், முத்திரை உடையாத போத்தலில், தமிழில் அச்சிட்ட லேபிளோடு வாங்குங்கள். லேபிளில் உள்ள அளவுக்கு ஒரு துளி கூடவும் வேண்டாம். அடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதும் அதில் இருக்கும், அதற்கு முன் பறிக்க வேண்டாம். பூத்திருக்கும்போது அடிக்க வேண்டாம்.

யார் தந்தாலும் சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றிய மருந்தை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். உறவு முறிந்துவிடாது. ஏற்கெனவே வீட்டில் ஒரு போத்தல் இருந்தால், அதைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். வயல் செய்யும் வீடுகளில் பூட்டுள்ள ஒரு பெட்டி கட்டாயம் இருக்க வேண்டும். திறப்பு ஒருவர் கையில் இருக்கட்டும்.

அல்லாஹ் காப்பாற்றட்டும், யாருக்காவது மருந்து பட்டுவிட்டால் உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் பல நிமிடங்கள் கழுவுங்கள். குடித்திருந்தால் வலிந்து சத்தி எடுக்க வைக்காதீர்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். போத்தலையும் லேபிளையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். "ஒன்றும் தெரியவில்லையே" என்று வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், சில மருந்துகள் பிந்தித்தான் வேலையைக் காட்டும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு

மரத்தை வெட்ட வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கறுத்த இலை செத்த இலை அல்ல. பக்கத்து வீட்டுக் காக்காவுக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுத்து, நன்றி சொல்லி, மருந்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் மாமியோடு வாதாட வேண்டாம். கண்ணூறு உண்மை என்பது நமது நம்பிக்கைதான். ஓத வேண்டியதை அவர் ஓதட்டும். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்தார்கள். நாளைக் காலையில் மாமியின் கையைப் பிடித்து மரத்தடிக்கு அழைத்துப் போங்கள். ஓர் இலையைத் திருப்பி, அந்தச் செதிலை அவருடைய நகத்தாலேயே சுரண்டச் சொல்லுங்கள். அந்தக் காலத்து மனிதர்களுக்கு மரத்தைப் பற்றி நம்மைவிடக் கூடுதலாகத் தெரியும். சாம்பலையும் வேப்பிலையையும் அவரே எடுத்துக்கொண்டு வந்தாலும் வருவார்.

எங்கள் மரத்துக்கு நானும் மனைவியும் மூன்று வெள்ளிக்கிழமை மாலைகளில் சவர்க்காரத் தண்ணீர் அடித்தோம். கிறீஸ் பட்டி கட்டினோம். பிறகு காத்திருந்தோம். மழை வந்து பழைய கறுப்பைக் கழுவியது. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் மனைவி கூப்பிட்டு ஓர் இலையைக் காட்டினார், அதில் ஒரு பொறிவண்டு. சென்ற றமழானில் பனையோலைப் பை மறுபடியும் பின் படலையில் தொங்கியது. உம்மாவின் காலத்தைப் போல நிறையவில்லை, அரைவாசிதான் இருந்தது. இஷாவுக்கு முன் அதுவும் காலியாகிவிட்டது.

கடைசி மகன் இப்போது பாடசாலைக்குப் போகிறான். காலையில் புழுப் பொறுக்குவது அவனுடைய வேலை. பொறிவண்டுக் குஞ்சைக் கண்டால், "இத விடுங்க வாப்பா, இது நம்மட ஆள்" என்கிறான்.

உங்கள் வளவில் நிற்கும் மரங்களையும், அவற்றின் நிழலில் விளையாடும் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.